புது பாய்லர் பொருத்த எவ்வளவு ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது வீடு முழுவதையும் சூடாக்கும் பாய்லரைப் பற்றி. கேஸையோ எண்ணெயையோ எரித்துத் தண்ணீரைச் சுடவைத்து, குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும் வகை. குளியலறைச் சுவரில் மாட்டும் வாட்டர் ஹீட்டர் இதில் சேராது. கூலியும் நாணயமும் நாட்டுக்கு நாடு மாறுவதால் தொகை எதையும் எழுதவில்லை. செலவு எங்கே ஏறுகிறது, எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மொத்தமாக இவ்வளவு ஆகும் என்று ஒரே தொகையாகச் சொல்ல முடியாதா?

முடியாது. வீட்டைப் பார்க்காமல் ஒருவர் சொன்னால், அந்தத் தொகை வேலை முடியும்போது அப்படியே இருக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, பல வீடுகளில் பாய்லர் கதையும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். பாய்லர் பெட்டியின் விலை யார் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சுற்றியுள்ள வேலைதான் வீட்டுக்கு வீடு மாறும்: பழையதைக் கழற்றி அப்புறப்படுத்துவது, புகைக்குழாய், கேஸ் குழாய், கழிவுநீர்க் குழாய், ரேடியேட்டர்களைக் கழுவுவது, ஃபில்டர், அறைச் சூட்டைப் பார்த்துப் பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட், மின் இணைப்பு, சுவரில் போட்ட ஓட்டையை அடைப்பது, சோதனை, பதிவு, வரி.

பழைய பாய்லர் இருந்த அதே இடத்தில் அதே வகையை மாட்டினால் செலவு குறைவு. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். இடம் மாறினால் கூடும். வகையே மாறினால் இன்னும் கூடும், வேலையும் இரண்டு மூன்று நாளுக்கு இழுக்கும்.

ஒரே மாடலுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். யாரை நம்புவது?

யாரையும் உடனே நம்ப வேண்டாம். முதலில் மூன்று கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். ‘பாய்லர் சப்ளை மற்றும் பொருத்துதல்’ என்று ஒரே வரியும் அதன் கீழே ஒரு தொகையும் இருந்தால் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. திருப்பிக் கொடுத்துப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது.

பிரித்து எழுதிய கொட்டேஷனில் இவை இருக்க வேண்டும். பாய்லரின் முழு மாடல் பெயர் எண்ணோடு இருக்க வேண்டும். ‘30 கிலோவாட் பாய்லர்’ என்று மட்டும் போதாது. சூடாக்கலுக்கு எத்தனை கிலோவாட், வெந்நீருக்கு எத்தனை கிலோவாட் என்று தனித்தனியாக வேண்டும். புகைக்குழாய் எவ்வளவு நீளம், எத்தனை வளைவு, கேஸ் குழாய் இப்போது என்ன விட்டம், அது போதுமா, மாற்ற வேண்டுமா, ரேடியேட்டர்களை எந்த முறையில் கழுவுவார்கள், ஃபில்டர் உண்டா, என்ன தெர்மோஸ்டாட், வாரண்டி எத்தனை ஆண்டு, பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா, வரி சேர்ந்ததா. இவ்வளவும் எழுதிய பிறகு பாருங்கள், மலிவான கொட்டேஷனில் பெரும்பாலும் இரண்டு மூன்று வேலைகள் விடுபட்டிருக்கும். அவற்றை உங்கள் கையால் சேர்த்துக் கூட்டினால் மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்.

‘தேவைப்பட்டால் கூடுதல் கட்டணம்’ என்ற வரிதான் மிகவும் கவனிக்க வேண்டியது. அதை அப்படியே விடாதீர்கள். எது தேவைப்படலாம், தேவைப்பட்டால் எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்குங்கள். பழைய பாய்லரைக் கழற்றிக் கீழே வைத்து, வீடு குளிர்ந்து கிடக்கும் நேரத்தில் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அதிக விலை சொல்பவரெல்லாம் நன்றாகச் செய்வார் என்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கேஸ் மீட்டரிலிருந்து பாய்லர் வரை குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்க்கிறாரா? ரேடியேட்டர்களை எண்ணுகிறாரா? குழாயைத் திறந்து தண்ணீர் வரத்தை அளக்கிறாரா? சமையலறையில் நின்றபடியே விலை சொல்லிவிட்டுப் போகிறவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது.

காம்பி, சிஸ்டம், ரெகுலர் என்கிறார்கள். எதற்கு எவ்வளவு வித்தியாசம்?

காம்பியில் தனித் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் அந்த நேரத்துக்கு வேண்டிய வெந்நீரைச் சுடவைத்துக் கொடுக்கும். உதிரிகள் குறைவு, இடம் மிச்சம், பொருத்தும் செலவும் பொதுவாகக் குறைவு. ஒரே நேரத்தில் இரண்டு பேர் குளித்தால் தண்ணீர் பாதியாகப் பிரியும் என்பதுதான் குறை. ஒரு குளியலறை உள்ள வீட்டுக்கு யோசிக்காமல் வாங்கலாம்.

சிஸ்டம் பாய்லரோடு வெந்நீர் சேமிக்கும் சிலிண்டர் ஒன்று வேண்டும். பம்பும், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுத் தொட்டியும் பாய்லருக்குள்ளேயே இருக்கும். சிலிண்டரின் விலையும் அதைப் பொருத்தும் கூலியும் தனி. இரண்டு மூன்று குளியலறை உள்ள வீட்டுக்கு இதுதான் சரி. சிலிண்டரில் நிற்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க அதைச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை சுடவைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரெகுலர் என்பது பழைய முறை. கூரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, பாய்லருக்கு வெளியே தனிப் பம்ப், கீழே சிலிண்டர். பழைய குழாய்களோடு இருக்கும் வீட்டில் ரெகுலரைக் கழற்றி ரெகுலரையே மாட்டுவது மலிவாக முடியும். அதை விட்டுக் காம்பிக்கு மாறினால் மேலே உள்ள தொட்டியை எடுக்க வேண்டும், குழாய்களைத் திருப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. மேல்தொட்டியின் மெல்லிய அழுத்தத்தில் இருபது முப்பது ஆண்டு ஓடிய குழாய் மூட்டுகள் இப்போது 1 முதல் 1.5 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒன்றிரண்டு ரேடியேட்டர் வால்வுகள் அன்றைக்கே கசிய ஆரம்பிக்கலாம். அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோவாட் வாங்க வேண்டும்? பெரியதாக வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பேன்.

வீட்டைச் சூடாக்க வேண்டிய சக்தியும் வெந்நீருக்கு வேண்டிய சக்தியும் வேறு வேறு. ஓரளவு குளிர்காப்பு (சுவர், கூரை வழியாக வெப்பம் வெளியேறாத தடுப்பு) செய்த நடுத்தர வீட்டுக்குக் கடுங்குளிரில்கூட 6 முதல் 12 கிலோவாட் போதும். காம்பியில் 24, 30, 35 என்று எண்கள் ஏறுவதெல்லாம் வெந்நீருக்காக.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதைக் கேஸ் மீட்டரே சொல்லும். மிகவும் குளிரான ஒரு நாளில், ஹீட்டிங்கை இரவிலும் அணைக்காமல் வைத்து, 24 மணி நேர இடைவெளியில் மீட்டரை இரண்டு முறை படியுங்கள். 18 கன மீட்டர் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 10.5 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஆக மொத்தம் 189. அதை 24-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 8 கிலோவாட். பழைய பாய்லர் அதில் முக்கால் பங்கைத்தான் வீட்டுக்குள் சேர்த்திருக்கும் என்றால், உங்கள் வீட்டின் உண்மையான தேவை சுமார் 6 கிலோவாட். குளிப்பதும் சமைப்பதும் இதிலேயே சேர்ந்துவிட்டதால் இதைவிடக் குறையலாமே தவிர, அன்றைய குளிருக்கு இதைவிட அதிகமாகாது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால், ‘உங்கள் வீட்டுக்கு 40 கிலோவாட் வேண்டும்’ என்று சொன்னவர் கொஞ்சம் இறங்கி வருவார்.

வெந்நீர்ப் பக்கம் வருவோம். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரைக் குளிக்க ஏற்ற 40 டிகிரிக்கு ஏற்ற வேண்டும், அதாவது 35 டிகிரி உயர்வு. அதற்கு 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்கு 9.8 லிட்டர் கொடுக்கும். 30 கிலோவாட் 12.3 லிட்டர், 35 கிலோவாட் 14.3 லிட்டர். விளம்பரத் தாளில் அதே 24 கிலோவாட்டுக்கு 13.7 லிட்டர் என்று போட்டிருந்தால் பொய் என்று அர்த்தமில்லை. 25 டிகிரி உயர்வுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எத்தனை டிகிரி என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

இப்போது ஒரு வாளி எடுங்கள். 10 லிட்டர் வாளி, வீட்டுக்குள் வரும் முதன்மைக் குழாய்க்கு அருகில் உள்ள குளிர்நீர்க் குழாய். முழுவதுமாகத் திறந்து, வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 60 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் உங்கள் வீட்டுக்கே வருகிறது. அப்புறம் 14 லிட்டர் கொடுக்கும் பாய்லர் எதற்கு? வராத தண்ணீரைச் சுடவைக்க எந்தப் பாய்லராலும் முடியாது.

பெரிய பாய்லரின் இன்னொரு தொல்லை, அதன் குறைந்தபட்சச் சக்தி. 30 கிலோவாட் பாய்லர் ஒன்று நான்கில் ஒரு பங்குவரைதான் இறங்கும் என்றால் 7.5 கிலோவாட்டுக்குக் கீழே அது எரியாது. இளங்குளிர் நாளில் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும் என்னும்போது அது எரியும், அணையும், திரும்ப எரியும், அணையும். கேஸ் வீண், உதிரிகளுக்கும் தேய்மானம். பத்தில் ஒரு பங்குவரை இறங்கக்கூடிய மாடல் 3 கிலோவாட்டில் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதானால் அதிகபட்ச எண்ணுக்குக் கொடுக்காமல், குறைந்தபட்ச எண் தாழ்வாக இருக்கும் மாடலுக்குக் கொடுங்கள்.

கேஸ் குழாயை மாற்ற வேண்டும் என்கிறார். நிஜமா, காசு பிடுங்கும் வேலையா?

பல நேரம் நிஜம்தான். பழைய பாய்லர் 15 கிலோவாட் எரித்திருக்கும். புதுக் காம்பி வெந்நீருக்காக முழு வீச்சில் 35 எரித்தால் மணிக்கு 3 கன மீட்டருக்கு மேல் கேஸ் வேண்டும். மீட்டர் தூரத்தில் இருந்து குழாய் 15 மில்லிமீட்டராக இருந்தால் வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். 22 அல்லது 28 மில்லிமீட்டராக மாற்ற வேண்டி வரும். தரையைப் பெயர்க்க வேண்டிய வீட்டில் இந்தச் செலவு பெட்டியோடு போட்டி போடும்.

எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாய்லர் முழுச் சக்தியில் எரியும்போது அதன் நுழைவாயிலில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று அவரிடம் கணக்கு இருக்க வேண்டும். சின்ன பாய்லரே போதும் என்று மேலே கண்டுபிடித்தவர்களுக்குப் பழைய குழாயே போதும் என்று தெரியவரலாம். அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு இடத்தில் மிச்சம்.

புகைக்குழாய் விஷயத்தில் செலவு ஏறுமா?

பாய்லர் வெளிச்சுவரில் இருந்தால் ஏறாது. பாய்லருக்குப் பின்னால் ஓட்டை போட்டு நேராக வெளியே விட்டுவிடலாம். உள்ளறையில் இருந்து கூரை வழியாக மேலே போக வேண்டும் என்றாலோ, பக்கத்து ஜன்னலிலிருந்து விதிப்படி தள்ளி வைக்க வேண்டும் என்றாலோ நீளமும் வளைவும் கூடும். பழைய பாய்லரின் புகைக்குழாயைப் புதியதற்குப் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் புகைபோக்கியில் விட்டிருந்த பழைய வீடுகளில் இது முழுக்கப் புது வேலை.

கண்டென்சிங் பாய்லர் என்றால் என்ன? அதற்கு ஏன் கூடுதலாக ஒரு குழாய்?

கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும். பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு வெளியே விட்டுவிடும். கண்டென்சிங் பாய்லர் அந்தப் புகையைக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி, அதிலிருந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 செப்டம்பர் விதிக்குப் பிறகு அங்கே விற்கும் வீட்டுப் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான்.

வடியும் தண்ணீர் லேசான அமிலத்தன்மை உடையது. மணிக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர்கூட வரும். அதைச் செம்புக் குழாயில் விட்டால் அரித்துவிடும், அதனால் பிளாஸ்டிக் குழாயில் சாக்கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் சாக்கடை இல்லையென்றால் சின்ன பம்ப் ஒன்று சேரும். இந்தக் குழாயை வெளிச்சுவரில் நீளமாக ஓட்டினால் கடுங்குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும், பாய்லர் சட்டென்று நின்றுவிடும். அதுவும் அன்றைக்குப் பார்த்து ஆள் கிடைக்கமாட்டார். வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு வழியில்லையென்றால் பருமனான குழாயும் அதற்கு உறையும் வேண்டும்.

இன்னொரு சங்கதி. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி தண்ணீராகும். பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்து ஓட்டினால் கண்டென்சிங்குக்குக் கொடுத்த காசில் பாதிப் பலன்தான் கிடைக்கும். பொருத்தியவர் போகும்முன் வெப்பநிலையைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் பெரும்பாலோர் செய்வதில்லை.

பழைய ரேடியேட்டர்களைக் கழுவத் தனிக் காசு கேட்கிறார்கள். தவிர்க்கலாமா?

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். கழுவுவதற்கு முன் ஒரு ரேடியேட்டரின் அடி வால்வைத் திறந்து வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் லேசான மருந்துக் கழுவலே போதும். மை மாதிரி கறுப்பாக வந்தால் அது உள்ளே இரும்பு அரித்து உண்டான மேக்னடைட் என்ற துகள். கிண்ணத்தின் வெளிப்பக்கம் காந்தத்தை வைத்தால் கறுப்பு அந்தப் பக்கமாக ஒதுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரேடியேட்டரின் மேல்பக்கம் சூடாகவும் அடிநடுப்பகுதி குளிர்ந்தும் இருந்தால் இந்தச் சேறு அடியில் படிந்திருக்கிறது.

புது பாய்லரின் வெப்பப் பரிமாற்றியில், அதாவது தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதியில், தண்ணீர் போகும் வழி மிகக் குறுகலானது. சேறு அங்கே போய் உட்கார்ந்தால் முதல் ஆண்டிலேயே தொல்லை தொடங்கும். தயாரிப்பாளரும் ‘கழுவாமல் பொருத்தியிருக்கிறீர்கள், வாரண்டி செல்லாது’ என்று கைவிரிப்பார். கழுவிய பிறகு துருத்தடுப்புத் திரவத்தைச் சேர்த்து, திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்றும் மாட்ட வேண்டும். ஃபில்டரின் விலை மொத்தச் செலவில் சொற்பம்.

தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள பகுதி என்றால் காம்பியின் வெந்நீர்ப் பக்கத்துக்குத் தனியாகச் சுண்ணாம்பு தடுப்பானும் வேண்டும்.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் அவசியமா?

போனில் இருந்து அணைத்து எரியவைக்கும் வசதிக்காக மட்டும் என்றால் அவசியமில்லை. வெளியே உள்ள குளிருக்கு ஏற்பப் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை என்றால் காசு கொடுக்கலாம். வெளிச்சுவரில் ஒரு சென்சர் மாட்டுவார்கள், அவ்வளவுதான். வாங்கும் தெர்மோஸ்டாட் அந்தப் பாய்லரோடு பேசுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விலை உயர்ந்த தெர்மோஸ்டாட்டை வெறும் சுவிட்சாக இணைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

புது பாய்லர் போட்டால் கேஸ் பில் எவ்வளவு குறையும்?

கணக்கு எளிது. ஆண்டுக்கு 18,000 கிலோவாட் மணி கேஸ் எரிக்கிறீர்கள், பழைய பாய்லரின் திறன் 70 சதவீதம் என்றால் வீட்டுக்குக் கிடைத்தது 12,600. அதே வெப்பத்தை 90 சதவீதத் திறனுள்ள பாய்லர் 14,000-இல் கொடுக்கும். மிச்சம் 4,000. உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் அதைப் பெருக்குங்கள். மொத்தப் பொருத்தும் செலவை அந்தத் தொகையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று தெரியும்.

பழையதும் கண்டென்சிங் வகை, திறன் 85 என்றால் மிச்சம் 1,000-தான். பில் குறையும் என்ற ஆசையில் நன்றாக ஓடும் பாய்லரைக் கழற்ற வேண்டாம். அந்தக் காசைக் கூரையின் குளிர்காப்புக்குக் கொடுத்தால் பலன் கூட.

ரிப்பேர் செய்து ஓட்டலாமா, மாற்றிவிடலாமா?

வீட்டுப் பாய்லருக்குப் பொதுவாக 10 முதல் 15 ஆண்டு ஆயுள். பம்ப், சென்சர், தண்ணீரை ரேடியேட்டர் பக்கமோ வெந்நீர்ப் பக்கமோ திருப்பும் மும்முனை வால்வு போனால் ரிப்பேர் செய்யுங்கள். அழுத்தம் அடிக்கடி இறங்குகிறது என்பதற்காகப் பாய்லரையே மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலும் விரிவுத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கும், அல்லது எங்கோ ஒரு மூட்டு கசியும். வெப்பப் பரிமாற்றியில் விரிசல் என்றால் கதை முடிந்தது. மின்பலகை, விசிறி, கேஸ் வால்வு என்று ஒரே ஆண்டில் இரண்டு போனால், அதுவும் பத்து வயது தாண்டியிருந்தால், மாற்றுவதே நல்லது.

மின்சார பாய்லர் பொருத்த மலிவாமே?

பொருத்த மலிவுதான். புகைக்குழாய் வேண்டாம், கேஸ் குழாய் வேண்டாம். ஆனால் 230 வோல்ட்டில் 12 கிலோவாட் பாய்லர் 52 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தடித்த கேபிள், பல வீடுகளில் மின் இணைப்பையே உயர்த்த வேண்டும். ஓட்டும் செலவு வேறு. மின்சார யூனிட் கேஸ் யூனிட்டைவிட 3 மடங்கு விலை என்றால், 90 சதவீதத் திறனுள்ள கேஸ் பாய்லரோடு ஒப்பிட 2.7 மடங்கு பில் வரும். சின்ன வீடு, நல்ல குளிர்காப்பு, கேஸ் இணைப்பே இல்லை என்றால் யோசிக்கலாம்.

அப்படியானால் ஹீட் பம்ப்?

வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி அது. அதே 3 மடங்கு விலையில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் கேஸ் பாய்லரைவிடக் கொஞ்சம் மலிவாகவே ஓடும். பொருத்தும் செலவுதான் அதிகம்: வெளியே ஒரு கருவி, உள்ளே சிலிண்டர், சில அறைகளுக்குப் பெரிய ரேடியேட்டர். புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பையே நெதர்லாந்து 2018-இல் நிறுத்திவிட்டது. உங்கள் நாட்டில் மானியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாய்லருக்குப் பணம் கட்டுங்கள்; மானியத்தைக் கழித்தால் இரண்டின் செலவும் நெருங்கிவிடும் இடங்கள் உண்டு.

பாய்லரை நானே மலிவாக வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் வைக்கலாமா?

வைக்கலாம், மிச்சம் எதிர்பார்த்த அளவு இருக்காது. பொருளில் கிடைக்கும் லாபத்தைக் கூலியில் ஏற்றிக்கொள்வார்கள். ஏதாவது கெட்டால் ‘பொருள் சரியில்லை’ என்று அவரும் ‘பொருத்தியது சரியில்லை’ என்று கடைக்காரரும் சொல்ல, நடுவில் நீங்கள் நிற்பீர்கள். சில தயாரிப்பாளர்கள் தங்களிடம் பயிற்சி பெற்றவர் பொருத்தினால்தான் நீண்ட வாரண்டி தருகிறார்கள்.

நானே பொருத்தினால்?

கூடாது. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் கேஸ் வேலை செய்வதே குற்றம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றை வாங்கி வையுங்கள், யார் பொருத்தினாலும்.

எந்த மாதத்தில் போட்டால் மலிவு?

வெயில் காலத்தில். குளிர் தொடங்கியதும் எல்லோருடைய பாய்லரும் ஒரே வாரத்தில் கெடும், அப்போது பேரம் பேச இடமே இருக்காது.

தவணையில் வாங்கலாமா?

வட்டியோடு மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறீர்கள் என்பதை மட்டும் கேளுங்கள், மாதத் தொகையைப் பார்க்காதீர்கள். பாய்லருக்கு மூன்றாண்டு வாரண்டியும் கடனுக்குப் பத்தாண்டுத் தவணையும் என்றால் நான்காம் ஆண்டில் ரிப்பேர்க் காசும் தவணையும் சேர்ந்து கட்ட நேரிடும். ‘வட்டியில்லா’ தவணை என்றால் ரொக்க விலை எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். வட்டி அங்கே ஒளிந்திருக்கலாம்.

வாரண்டி பத்தாண்டு என்கிறார்கள். நம்பலாமா?

ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து அதைப் புத்தகத்தில் பதிந்தால் நம்பலாம். ஒரு ஆண்டு விட்டாலும் வாரண்டி போய்விடும் என்பது பெரும்பாலான பத்திரங்களின் நிபந்தனை. ஆகவே பத்து சர்வீஸ் கட்டணத்தையும் பாய்லர் விலையோடு கூட்டிப் பாருங்கள். வாரண்டி தயாரிப்பாளருடையதா, பொருத்தும் நிறுவனம் தருவதா என்பதும் முக்கியம். நிறுவனம் மூடிவிட்டால் அதன் வாரண்டியும் போனதுதான்.

முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது?

முழுத் தொகையை முன்னால் கொடுக்க வேண்டாம். பொருள் வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு, வேலை முடிந்து சோதித்ததும் மீதி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனை என்றால் பாய்லரை எரியவைத்துக் காட்டுவது மட்டுமில்லை. எல்லா ரேடியேட்டரும் அடிவரை சூடாகிறதா, குளிர்ந்த நிலையில் அழுத்தமானி 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கிறதா, வெந்நீர் எத்தனை லிட்டர் வருகிறது என்று அதே வாளியால் அளந்தீர்களா, புகையைக் கருவி வைத்துச் சோதித்து அந்த எண்களைச் சீட்டில் எழுதினாரா என்று பாருங்கள். வாரண்டிப் பதிவு உங்கள் பெயரில் நடந்ததற்கான தாள், கேஸ் வேலைக்கான சான்றிதழ், கையேடு, ஃபில்டரைத் திறக்கும் சாவி ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்யத் திரும்ப வருவாரா, அது இதே தொகையில் சேர்ந்ததா என்பதையும் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.